தோற்றவர் கட்சி

கிரிக்கெட் ஆட்டத்திலே தோல்வி என்பது ஒரே சரக்கன்று. தொழிற்சாலையிலே சல்லடையில் இட்டுத் தேயிலையைப் பி.ஓ.பி. என்றும், பெனிங்ஸ் என்றும், டஸ்ட் என்றும் பிரிப்பதுபோல, தோல்வியையும் தரம் பிரித்தே பேசுதல் வேண்டும். கடைசி ஓவரின் கடைசிப் பந்திலே ஓர் ஓட்டத்தால் தோற்பது முதற்றரம். அதனை மூன்று மாதம் வைத்துக் குடிக்கலாம், மணம் குன்றாது. நாற்பதாம் ஓவர் வரையில் நின்று, பின்னர் நிலைகுலைந்து தோற்பது இரண்டாந்தரம். அது ஒரு வாரம் தாங்கும். நாம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமருமுன்னரே ஆட்டம் முடிந்துவிடுகின்ற தோல்வியோ டஸ்டுக்கும் கீழ்ப்பட்டது. கழிவுத் தேயிலை என்று தனியே மூட்டை கட்டுவார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்திலே ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நமது இலங்கை அணி அத்தகைய மூட்டையொன்றை நம் தலையிலே ஏற்றிவிட்டது. காலம் சென்றுவிட்டதால் அதனைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச இப்பொழுது நமக்கு இயலும் என்று எண்ணுகிறோம். எண்ணியது சரிதானா என்பதை வாசக அன்பர்கள் இறுதியிலே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அந்த வாரத்தில் நம்பிக்கைக்குக் குறைவிருக்கவில்லை என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். முந்திய ஆண்டு, எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற 2022இல், நமது இளைஞர்கள் டுபாயிலே பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். இம்முறையும் செப்டெம்பர் 12ஆம் திகதி, இருபது வயதுப் பிள்ளை துனித் வெல்லாலகே இந்தியாவின் ரோஹித் சர்மா, விராட் கோலி முதலிய ஐவரை நாற்பது ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். அந்த ஆட்டத்திலே நாம் 41 ஓட்டங்களால் தோற்றோம். ஆயினும் அது முதற்றரத்துக்குச் சற்றே குறைந்த தோல்வி. இரண்டு நாள் கழித்துப் பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டத்திலே கடைசிப் பந்துக்கு இரண்டு ஓட்டம் வேண்டியிருக்க, சரித் அசலங்க அவற்றை எடுத்தே தீர்த்தார். அன்றிரவு நமது வீதியிலே உறங்கியவர் எவருமில்லை. இவ்வளவும் நிகழ்ந்த பின்னர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மனிதன் ஆசை கொள்ளாமல் வேறென்ன செய்வான்?

மறுநாள் விநாயக சதுர்த்தி. வீட்டிலே கொழுக்கட்டைக்கு அரிசிமா வறுத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், மழையினால் முக்கால் மணி நேரம் போல் பின்தங்கியது. நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் தசுன் ஷானக முதலிலே துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார். முதல் ஓவரிலேயே குசல் பெரேரா ஓட்டமெதுவும் பெறாது போனார். “ஒன்றுதானே” என்றோம். அடுப்படியிலிருந்து மா மணக்கத் தொடங்கிற்று.

நான்காவது ஓவரை மொஹமட் சிராஜ் வீச வந்தார். அந்த ஓவரை விவரிக்கும்படி எவரேனும் கேட்டால் நமக்கு இன்றும் நா வறள்கிறது. பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழந்தார். சதீர சமரவிக்ரம ஆட்டமிழந்தார். அடுத்த பந்திலேயே அசலங்க, மூன்று நாளைக்கு முன்னர் நாம் தோளில் தூக்கிவைத்த அதே அசலங்க, ஆட்டமிழந்தார். தனஞ்சய டி சில்வா வந்து முதற் பந்தை நான்கு ஓட்டத்துக்கு அடித்தார். அடித்த பந்தின் பின்னே வீசிய சிராஜே எல்லைக்கோடு வரையில் ஓடினார். தோழர்கள் நின்று சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் சிரித்தது அவ்வொரு தடவைதான். அடுத்த பந்திலே தனஞ்சயவும் போனார். ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகள். 8க்கு 1 என்றிருந்தது 12க்கு 5 ஆயிற்று. சிராஜின் அடுத்த ஓவரிலே தலைவர் ஷானகவின் தடிகளும் சரிய, 12க்கு 6.

“என்ன, யாரேனும் வந்துவிட்டார்களா?” என்று வினவியவாறு மனையாள் அகப்பையுடன் எட்டிப்பார்த்தாள். வந்தவர் எவருமில்லை, எல்லாரும் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று விடையிறுத்தோம். அப்பொழுது மா இன்னும் பதமாக வறுபட்டிருக்கவில்லை.

எஞ்சியதை விரைந்து சொல்லிவிடுகிறோம். 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்கு அனைவரும் ஆட்டமிழந்தனர். குசல் மெண்டிஸ் 17, துஷான் ஹேமந்த ஆட்டமிழக்காமல் 13. மற்றொருவரும் இரட்டை இலக்கத்தை எட்டவில்லை. சிராஜுக்கு 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். ஹார்திக் பாண்டியாவுக்கு 3 ஓட்டங்களுக்கு 3. இந்தியா 6.1 ஓவர்களில் ஒரு விக்கெட்டும் இழவாது 51 எடுத்துவிட்டது. இருதரப்பும் சேர்ந்து ஆடிய பந்துகள் 129. நூறு ஓவருக்கு டிக்கட் வாங்கியவர்கள் இருபத்திரண்டு ஓவர்கூடக் காணாமல் வீடு திரும்பினார்கள். மைதானத்தில் அன்று முழுநாட் கூலிக்கு உரிய வேலை செய்தவர்கள் மழைக்குத் தார்ப்பாய் இழுத்த ஊழியர்களே. சிராஜ் தமக்குக் கிடைத்த ஆட்டநாயகன் பரிசாகிய 5,000 டொலரை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். கொடுத்ததும் நமக்கு ஒரு சங்கடம். அதன் பின்னர் அந்த மனிதரை மனமார வெறுக்கவும் வழியில்லாமற் போயிற்று.

மறுநாட் காலை ஹட்டன் நகரிலே நியாயங்கள் பிறந்தன. தோல்வி நிகழ்ந்த இரவிலே நியாயங்கள் பிறப்பதில்லை. அவை விடியற்காலத்துப் பனியோடு கீழிறங்கி வருவன. பஸ் நிலையத்தருகே தேநீர்க் கடையிலே நாம் கேட்டவற்றுள் சிலவற்றைக் குறித்துக்கொண்டோம். மழை பெய்தபின் முதலிலே துடுப்பெடுத்தது பிழை என்றார் ஒருவர். இது அறிவுடைமை, ஆயினும் இவர் நாணயச் சுழற்சி முடிந்தபோது “சரியான முடிவு” என்று மேசையைத் தட்டியவர். மஹீஷ் தீக்ஷன காயமுற்று ஆடாததே காரணம் என்றார் இன்னொருவர். தீக்ஷன பந்து வீசுபவர். பந்து வீசுபவர் இல்லாமையால் துடுப்பாட்டம் சரிந்தது என்ற இந்த நியாயத்தை எந்தத் தருக்க நூலிலே சேர்ப்பதென்று நாம் திகைத்து நின்றோம். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாது பிளேன்ரீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டுச் சீனியைக் கையிலே கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கருத்தே நமக்கு மிகவும் உடன்பாடாயிற்று.

நகரிலே பாண் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி ஒருவர் உண்டு. இருபது ஆண்டாக நாம் அவரிடம் பாண் வாங்குகிறோம். விலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அன்று அவர் பாணைக் காகிதத்திலே சுற்றிக்கொண்டே, தமிழும் சிங்களமுமாகக் கலந்து, “அம்பது, சேர்! அம்பது!” என்றார். நாமும் “அம்பது” என்றோம். இரண்டு பேரும் ஒரே வீட்டு இழவுக்கு வந்தவர்கள்போலத் தலையை அசைத்துக்கொண்டோம். அதன் பின்னர் இன்றுவரையில் அவர் நம்மிடம் பேசாமல் பாண் கொடுப்பதில்லை.

கிரிக்கெட் கணக்குப் புத்தகத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால் ஓர் ஆறுதல் கிடைக்கும். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி ஷார்ஜாவிலே இதே இரண்டு நாடுகளும் ஓர் இறுதியாட்டம் ஆடின. சனத் ஜயசூரிய தனியொருவராக 189 அடித்தார். பின்னர் ஆடிய இந்தியா 54 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தோல்வி 245 ஓட்டங்களால். சமிந்த வாஸ் 14 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அதே வாஸ் 2003 உலகக் கிண்ணத்திலே பங்களாதேஷ் அணியின் மூன்று வீரர்களை ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலேயே அனுப்பினார். அந்த ஓவர் முடிவதற்குள் நால்வர். பதினாறு பந்துகளிலே ஐந்து விக்கெட் என்ற அவருடைய சாதனையைத்தான் சிராஜ் கொழும்பிலே சமன் செய்தார். தென்னாபிரிக்காவின் பார்ல் மைதானத்திலே 2003இல் நாம் கனடாவை 36க்குச் சுருட்டினோம். 2012 ஜனவரியில் அதே பார்லிலே தென்னாபிரிக்கா நம்மை 43க்குச் சுருட்டிற்று. கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வருவது சேட்டுக் கடையிலே மட்டுமன்று என்பது புலனாகிறது. இந்தக் கணக்கை மறுநாள் வகுப்பிலே மாணவருக்கு விரித்துரைத்தோம். கேட்டிருந்த ஒருவன் எழுந்து, “சேர், நாங்க அப்ப பொறக்கவே இல்லையே” என்றான். தன் பிறப்புக்கு முந்திய வெற்றி எவனுக்கும் பசியாற்றாது போலும்.

இனி, நமது மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இலங்கையும் இந்தியாவும் ஆடும் நாளில் இங்கே ஒரே லயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. சில வீடுகளிலே ஒரே பாயில் இரண்டு கட்சிகள் உண்டு. நாம் வளர்ந்த தோட்டத்திலே பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாம் அவரை மாமா என்று அழைப்பது வழக்கம். அவர் இந்தியக் கட்சி. அவருடைய மகன் இலங்கைக் கட்சி. பேரனோ வெல்லாலகேயின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பவன்.

மாமா ஏன் இந்தியக் கட்சி என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்கும்போது குரலிலே சிறிது கடுமையும் இருக்கும். அவருடைய கதை அவர் ஒருவருடையது மட்டுமன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலைகளிலே கொழுந்து கிள்ளியவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 525,000 பேரை இந்தியா கொள்வதென்றும், 300,000 பேரை இலங்கை கொள்வதென்றும் பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் பப்பாதியாக வகுத்துக்கொண்டார்கள். அணி பிரிப்பவர்கள் ஆட்டக்காரர்களை ஒருமுறை பார்த்தாவது பிரிப்பார்கள். இங்கே அதுவும் நடக்கவில்லை. மாமாவின் தமையனார் குடும்பம் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போய் அங்கேயும் தேயிலைக் கொழுந்தே கிள்ளிற்று. மாமாவிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. தாயார் நோயுற்றிருந்தமையால் பயணம் தள்ளிப்போயிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. அதன் பின்னர் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டு இந்தியப் பிரஜையாக இந்தத் தோட்டத்திலேயே, இதே லயத்திலேயே வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்த நாட்டவரானார். இருபது ஆண்டு ஓர் அணியின் சீட்டை மடியிலே வைத்திருந்தவர் அந்த அணிக்குக் கைதட்டுவதை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். தோற்ற கட்சியைச் சேர்ந்த நாம் வென்ற கட்சியைக் காணச் சென்றது பெருந்தன்மையாலன்று. அவர் நம்மைப் பரிகசிக்குமுன் நாமே போய்விடுவது நலம் என்ற தந்திரத்தால். தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்தது. மகன் வெளியே திண்ணையிலே பேசாதிருந்தார். பேரன் போர்வைக்குள் இருந்தான். மாமா மட்டும் வெற்றிலையும் கையுமாக அமர்ந்திருந்தார்.

“என்ன மாமா, உங்க ஆளுக ஜெயிச்சிட்டாங்க. பட்டாசு இல்லியா?” என்றோம்.

அவர் சற்று நேரம் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “ஜெயிச்சது சரிதான் தம்பி. அதுக்காக இப்பிடியா? நம்ம பயலுகள அம்பதுக்கு…” என்று தொடங்கி, மேலே சொல்லாது நிறுத்திவிட்டார்.

‘நம்ம பயலுகள்’ என்று அவர் சொன்னதை அவருடைய மகன் திண்ணையிலிருந்து திரும்பிப் பார்த்தார். மாமா அதனைக் கவனிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் கோத்தகிரியிலிருந்து தொலைபேசி வந்தது. தமையனார் மக்கள் உற்சாகமாகப் பேசியிருக்க வேண்டும். இவரோ இங்கே மழை என்றும், கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்றும், ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அன்று நமது பக்கத்திலே மின்சாரம் ஒரு கணமும் நிற்கவில்லை.

அந்த ஆண்டு, 1823ஐக் கணக்கிட்டு, மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்த ஆண்டு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்து வந்தார்கள். நடந்த அந்த வழியிலே வந்தவர்களின் வம்சத்தார் இந்த நாட்டுக்காக என்ன செய்தார்கள் என்று கேட்பவர்க்கு விடையாக, கிரிக்கெட் புத்தகத்திலே ஒரு பெயர் உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கென்று வந்தவர். பேரன் டெஸ்ட் ஆட்டங்களிலே 800 விக்கெட் எடுத்தார். 2010 ஜூலையிலே காலி மைதானத்தில் அவர் எடுத்த எண்ணூறாவது விக்கெட்டும், வேறெவருடையதுமன்று, இந்திய வீரர் ஒருவருடையதே. அன்று மாமா எந்தக் கட்சி என்று நாம் கேட்டதுண்டு. “முரளி போடும்போது கட்சி ஏது?” என்றார்.

புறநானூற்றிலே வெண்ணிப் போரைப் பற்றிய பாட்டு ஒன்றுண்டு. வென்றவன் கரிகாலன். பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர். வென்ற மன்னனின் முகத்துக்கெதிரே நின்று, முதுகிலே பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னிலும் நல்லவனல்லவா என்று வினவுகிறார். தோற்றவர் கட்சிக்கு நமது இலக்கியத்திலே இவ்வளவு உயர்ந்த வக்கீல் இருப்பது பெருமைக்குரியது. எனினும் அந்த வழக்கை நமது அணிக்குப் பொருத்த முயன்று நாம் இடர்ப்பட்டோம். சேரனுக்கு முதுகிலாவது புண் இருந்தது. நமது வீரர்களுக்கு எங்கும் புண்ணில்லை. புண்பட்டவை மூன்று மரத்தடிகள்.

ஒருமுறை நிகழ்ந்தது விபத்து என்று ஆறியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஜனவரியிலே திருவனந்தபுரத்தில் 73க்கு ஆட்டமிழந்து, அந்நாள்வரையில் ஒருநாள் ஆட்டங்களிலே எவரும் காணாத 317 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றிருந்தோம். நவம்பர் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில், உலகக் கிண்ணத்திலே, இந்தியா 357 அடித்தபின் முதற் பந்திலேயே நிஸ்ஸங்க போனார், எல்லாரும் 55. அன்று மனையாள், யார் வென்றது என்று கேட்கவில்லை. “ஐம்பதைத் தாண்டிவிட்டார்களா?” என்று மட்டும் கேட்டாள். தாண்டிவிட்டார்கள், ஐந்து கூட என்றோம். முன்னேற்றந்தான் என்று சொல்லி உள்ளே போனாள். அந்த மூன்று ஆட்டத்திலும் சிராஜ் இருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்கு நாள் கழித்து டில்லியிலே பங்களாதேஷுடன் ஆடும்போது, தலைக்கவசத்தின் வார் அறுந்து, மாற்றுக் கவசம் வருமுன் இரண்டு நிமிடம் கடந்துவிட்டது என்று கூறி, அஞ்சலோ மெத்தியூஸை ஒரு பந்தும் ஆடாமலே ஆட்டமிழந்தவராக்கினார்கள். சர்வதேச ஆட்டங்களிலே இவ்வாறு ஆட்டமிழந்தவர் அவரே முதல்வர். பிந்தி வரும் மாணவருக்கு அறிவுரை கூற நமக்கு ஓர் உதாரணம் கிடைத்தது என்பதைத் தவிர அதனால் விளைந்த நன்மை யாதுமில்லை. மறுவாரமே பிந்தி வந்த ஒருவன், “சேர், சப்பாத்து வார் அறுந்துபோச்சு” என்றான். அவனைத் தண்டிக்க நமக்கு மனம் வரவில்லை.

பின்னர் 2024 ஓகஸ்டிலே அதே பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுடன் மூன்று ஒருநாள் ஆட்டங்கள். முதலாவது சமநிலை. இரண்டாவதிலே ஜெப்ரி வென்டர்சே ஆறு விக்கெட் எடுத்தார்; வெற்றி நமது. மூன்றாவதிலே வெல்லாலகே ஐந்து எடுக்க, 110 ஓட்டங்களால் வென்று, 1997க்குப் பின்னர் முதன்முறையாக இந்தியாவிடமிருந்து ஒருநாள் தொடரொன்றைக் கைப்பற்றினோம். மாமாவுக்குத் தொலைபேசியிலே அழைத்து, தோற்ற கட்சிக்கு அனுதாபம் தெரிவித்தோம். கோத்தகிரிக்குத் தாமே பேசப்போவதாகவும், அதற்குக் கார்டு போட வேண்டுமென்றும், வரும்போது வாங்கி வரும்படியும் சொன்னார். குரலிலே அனுதாபத்துக்குரிய தளர்ச்சி எதுவும் புலப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டேர்பனிலே டெஸ்ட் ஆட்டமொன்றில் நமது அணி 42க்கு ஆட்டமிழந்த செய்தியை நாம் அவருக்குத் தெரிவிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கார்டோடு நாம் தோட்டத்துக்குப் போன மாலையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தை மைதானம் என்பது மரியாதைக்காக; லயத்துக்கும் தேயிலைக்கும் இடையே சரிவாகக் கிடக்கும் ஒரு துண்டு. மேற்பக்கத்திலிருந்து வீசுபவன் எவனும் சிராஜ். கீழ்ப்பக்கத்திலிருந்து வீசுபவன் வியர்த்து விறுவிறுத்தே ஓய்வான். பந்து தேயிலைச் செடிக்குள் போனால் இரண்டு ஓட்டம்; கானுக்குள் போனால் அடித்தவன் ஆட்டமிழந்தான்; பந்தையும் அவனே எடுத்துவர வேண்டும். மாமாவின் பேரன் துடுப்பெடுத்திருந்தான். தடிகளாக நட்டிருந்த மூன்று கவ்வாத்துக் குச்சிகளுள் நடுக்குச்சி சாய்ந்தது. காற்றுத்தான் சாய்த்தது என்றான் அவன். எல்லாரும் சுற்றி நின்று கூச்சலிட்டார்கள். மாமா திண்ணையிலிருந்து எழுந்து, கையை நெற்றிக்கு மேலே வைத்துப் பார்த்து, “நோ போல்டா! கோட்டத் தாண்டிட்டான், நான் பாத்தேன்!” என்று உரக்கச் சொன்னார். அங்கே கோடு என்று எதுவும் கீறியிருக்கவில்லை. பையன் மறுபடியும் குச்சியை நிமிர்த்தி நட்டுவிட்டு நின்றான்.